சுவரை வைத்துச் சித்திரம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் வேதியியல் மாணவி)

முன்னுரை

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் நாட்டுப் பழமொழி. உடல்நலத்தைப் பேணுமாறு அறிவுரை கூறுவோர் இதனை எடுத்தாள்வதை நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். ஆனால் இப்பழமொழியை எழுத்துக்கு எழுத்து மெய்யாக்கிக் காட்டிய ஓர் ஊர் தமிழ்நாட்டுக் கடற்கரையில் இருக்கிறது. அங்கே ஓவியர்களும் சிற்பிகளும் தமக்கு வேண்டிய சுவரை முதலில் தாமே எழுப்பிக்கொண்டார்கள். பிறகுதான் அதில் சித்திரம் எழுதினார்கள். சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலக் கலைஞர் கிராமமே அது.

சென்ற ஆண்டு எம் துறை மாணவர்கள் கல்விச் சுற்றுலாவாகச் சென்னை சென்றோம். மேட்டுப்பாளையத்தில் இரவு நீலகிரி விரைவு வண்டியில் ஏறிக் காலையில் சென்னையில் இறங்கினோம். எழும்பூர் அருங்காட்சியகம், கோட்டூர்புரம் கோளரங்கம், மாமல்லபுரம் என்று திட்டம் வகுத்திருந்தனர். மாமல்லபுரம் செல்லும் வழியில் இரண்டு மணி நேரம் இக்கிராமத்தில் தங்கிப் போகலாம் என்று எம் பேராசிரியர் சொன்னபோது, "கெமிஸ்ட்ரி படிக்கிறவங்களுக்கு ஓவியம் எதுக்கு சார்?" என்று பேருந்தில் சிலர் முணுமுணுத்தனர். நான் வாய் திறக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

நான் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறிப்பவர். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். சிறு வயதில் அடுப்புக் கரியால் லைன் வீட்டுச் சுவரில் படம் போடுவேன். பொங்கலுக்குப் பொங்கல் அப்பா அதன்மேல் சுண்ணாம்பு அடிப்பார். நான் மறுபடியும் போடுவேன். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும், சென்னைக் கவின் கலைக் கல்லூரியில் சேர வேண்டும் என்று கேட்டேன். அப்பா கோபப்படவில்லை. "படம் போட்டா அது சோறு போடுமா, பாப்பா?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் விடை இல்லை. வேதியியலில் சேர்ந்தேன். அந்தக் கேள்வியைத்தான் நான் ஈஞ்சம்பாக்கத்துக்குச் சுமந்து சென்றேன்.

பெயரும் பிறப்பும்

சோழமண்டலம் என்பது சோழர் ஆண்ட நாட்டைக் குறிக்கும் பெயர். ஐரோப்பியர் நாவில் அது கோரமண்டல் என்று திரிந்து, இக்கடற்கரை முழுமைக்கும் பெயராயிற்று என்பர். திரிந்த பெயரைத் திருத்தித் தம் ஊருக்குச் சூட்டிக்கொண்டனர் இக்கலைஞர்கள்.

இவ்வூரின் வரலாற்றைச் சென்னை ஓவியப் பள்ளியிலிருந்து தொடங்க வேண்டும். 1850-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரியின் மூலம் அதுவே. கைத்தொழில் கற்பிப்பதே தொடக்கத்தில் அதன் முதன்மை நோக்கமாக இருந்தது. 1929-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். சென்னை மெரினாவில் நாம் காணும் உழைப்பாளர் சிலை அவருடைய படைப்பு. அவருக்குப் பின் 1957-இல் முதல்வரானவர் கே.சி.எஸ். பணிக்கர்.

பணிக்கர் 1911-இல் நம் மலைக்குக் கீழே உள்ள கோயம்புத்தூரில் பிறந்தவர். இளமையில் குடும்பத்தைத் தாங்க வேண்டித் தந்தித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். 1936-இல், தமது 25-ஆம் வயதில், அவ்வேலையை விட்டுவிட்டு ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அக்காலத்தில் மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுத் தூரிகையைக் கையில் எடுப்பது எவ்வளவு பெரிய துணிவு என்பதை, முதல் தலைமுறையாகப் படிக்க வந்திருக்கும் நம்மைப் போன்றோர் நன்கு உணர முடியும். பின்னர் அவர் அங்கேயே ஆசிரியரானார். 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை உருவாக்கினார். முதல்வராக உயர்ந்த பின்பும் ஒரு கவலை அவரை விடவில்லை. தம்மிடம் பயின்று வெளியேறும் மாணவர்கள் என்ன ஆகிறார்கள் என்பதே அது.

1960-களின் சென்னையில் ஓவியத்தை விலை கொடுத்து வாங்குவோர் அரிதாகவே இருந்தனர். பட்டயம் பெற்ற இளைஞர் விளம்பர நிறுவனத்திலோ, துணிகளுக்கு வடிவம் வரைந்து தரும் பணியிலோ சேர்வார். பகலெல்லாம் பிறருக்காக வரைந்த கை, இரவில் தமக்காக வரைய எழாது. நாளடைவில் தூரிகை காய்ந்துவிடும். அப்பா என்னிடம் கேட்ட அதே கேள்வியைத்தான் ஒரு கல்லூரி முதல்வர் தம் மாணவர்களை முன்வைத்துத் தமக்குத் தாமே கேட்டுக்கொண்டார் என்று அறிந்தபோது எனக்கு வியப்பு மேலிட்டது.

சுவர் எழுந்த வகை

பணிக்கரும் மாணவர்களும் கண்ட வழி எளிமையானது. ஓவியம் சோறு போடாவிட்டால், ஓவியம் கற்ற கை சோறு போடட்டும் என்பதே அது. வகுப்பு முடிந்த நேரங்களில் கைவினைப் பொருள்கள் செய்தனர். பாடிக் முறையில் சாயமிட்ட துணி, தோல் பொருள், உலோக வேலை, மண்பாண்டம் எனப் பலவும் அவற்றுள் அடங்கும். இவற்றைச் செய்து விற்பதற்காகக் கலைஞர்கள் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தனர். பொருள்களுக்கு நல்ல வரவேற்புக் கிடைத்தது. பாடிக் துணிகளே மிகுதியாக விற்றன.

அவ்வாறு ஈட்டிய பணத்தைக் கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் வாங்கினர். 1966-இல் கிராமம் பிறந்தது. அன்று அது சவுக்கும் மணலும் மண்டிக் கிடந்த இடம். கலைஞர்கள் தத்தமக்கு மனை பிரித்துக்கொண்டு, முதலில் ஓலைக் குடிசைகளில் வாழ்ந்தனர். பொருள் சேரச் சேர வீடும் பணிக்கூடமும் கட்டிக்கொண்டனர். பொதுவான கண்காட்சிக் கூடமும் எழுந்தது. விற்பனையில் ஒரு பகுதி பொதுச் செலவுக்கு என்று ஒதுக்கப்பட்டது. சங்கமே ஊரை நடத்தியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரசனோ செல்வரோ கலைஞருக்கு நிலம் கொடுத்து ஆதரித்த கதைகள் நம் நாட்டில் பல உண்டு. இது அத்தகையதன்று. கையால் உழைத்து ஈட்டிய காசில் கலைஞர்கள் தாமே நிலம் வாங்கிய கதை இது. ஆகவேதான் எதை வரைய வேண்டும் என்று அவர்களுக்குக் கட்டளையிட ஒருவரும் இருக்கவில்லை. காலையில் கைவினை, மற்ற நேரத்தில் கலை என்று ஒருவர் வகுத்துக்கொண்டால், கைவினை அவருக்குச் சுவர். கலை அச்சுவரில் எழுதும் சித்திரம்.

மெழுகும் சாயமும்

ஓர் ஊரையே வாங்கித் தந்த பாடிக் என்பது யாது? வேதியியல் மாணவர் அறிந்துகொள்ள வேண்டிய பாடம் அதில் இருக்கிறது.

ஜாவாத் தீவில் பெருஞ்சிறப்புற்ற கலை இது. துணியில் எவ்விடத்தில் சாயம் ஏறக்கூடாதோ அவ்விடத்தில் உருகிய மெழுகால் வரைவர். பிறகு துணியைச் சாயத்தில் தோய்ப்பர். மெழுகு உள்ள இடம் வெண்மையாகவே நிற்கும்; மற்ற இடம் நிறம் ஏறும். உலர்ந்த பின் மறுபடி மெழுகிட்டு, அடுத்த நிறத்தில் தோய்ப்பர். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்தில் முடிப்பது வழக்கம். இறுதியில் துணியைக் கொதிநீரில் இட்டு மெழுகை நீக்குவர்.

மெழுகிலும் இருவகை உண்டு. பாரஃபின் மெழுகு எளிதில் வெடிக்கும். தேன்மெழுகு நெகிழ்ந்து கொடுக்கும். இரண்டையும் கலக்கும் அளவைப் பொறுத்து வெடிப்பு கூடும் அல்லது குறையும். அவ்வெடிப்புகளின் வழியே சாயம் கசிந்து, நரம்போடியதுபோல் மெல்லிய கோடுகள் தோன்றும். அக்கோடுகளே பாடிக்கின் அழகு. பழுது என்று நாம் நினைப்பதைக் கலைஞர் அணியாக மாற்றிவிடுகிறார்.

சுற்றுலாவிலிருந்து திரும்பிய வேகத்தில் நானும் இதனை முயன்று பார்த்தேன். விடுமுறையில் வீட்டுக்குச் சென்றபோது, பழைய வேட்டித் துண்டில் மெழுகுவத்தியை உருக்கிப் படம் எழுதினேன். கடையில் வாங்கிய பொட்டலச் சாயத்தை, அதன் உறையில் எழுதியிருந்தபடி, கொதிக்கும் நீரில் கரைத்துத் துணியை முக்கினேன். ஒரு நொடியில் மெழுகு முழுவதும் உருகி மேலே மிதந்தது. என் படம் மறைந்து, துண்டு முழுதும் ஒரே நீலமாயிற்று. எங்கள் அப்பாயி, அதாவது தந்தையின் தாயார், எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு ஆயா, தரை தொடைக்க வச்சுக்கலாம்" என்றார்.

பாரஃபின் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியசு வெப்பத்தில் உருகிவிடும் என்பதை நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன், தேர்விலும் எழுதியிருக்கிறேன். கொதிநீரின் வெப்பமோ 100 டிகிரி. படிப்பும் கையும் வெவ்வேறாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தத் துண்டே சான்று. பாடிக்கிற்குக் குளிர்ந்த நீரில் ஏறும் சாயமே வேண்டும். அத்தகைய சாயங்களுள் நாஃப்தால் வகை ஒன்று. துணியை முதலில் நாஃப்தால் கரைசலிலும், அடுத்து டையசோனியம் உப்புக் கரைசலிலும் தோய்க்கின்றனர். இரண்டும் இழைக்குள்ளேயே இணைந்து, நீரில் கரையாத நிறமாகிவிடுகின்றன.

நம் ஆய்வகத்தில் அனிலீனை 0 முதல் 5 டிகிரி வெப்பத்தில் டையசோனியமாக்கி, பீட்டா நாஃப்தாலுடன் சேர்த்து ஆரஞ்சுச் சிவப்பு நிற வீழ்படிவு எடுக்கிறோம் அல்லவா? அந்த ஆசோ இணைப்பு வினைதான் இதற்கும் அடிப்படை. எடை பார்த்து, பதிவேட்டில் எழுதி, கையொப்பம் வாங்கிய பின் அதனை நாம் மறந்துவிடுகிறோம். இவ்வகைச் சாயங்களுள் சில தீங்கான அமீன்களை வெளியிடுவதால் தடை செய்யப்பட்டுள்ளன என்பதையும், எவற்றைத் தொடலாம் எவற்றைத் தொடக்கூடாது என்பதையும் கற்றறிவது வேதியியல் மாணவர்க்குரிய பொறுப்பாகும்.

கடலை வரையாத கடற்கரை

சோழமண்டலத்தில் என்னை மிகவும் திகைக்க வைத்தது வேறொன்று. கடற்கரை ஓவியர் கிராமம் என்றதும், அலையும் கட்டுமரமும் சூரிய உதயமுமாகப் படங்கள் நிறைந்திருக்கும் என்று எண்ணிச் சென்றேன். கூடத்தைச் சுற்றி வந்தேன். நான் எதிர்பார்த்த கடலைக் காணவில்லை. 2009-இல் இங்கே திறக்கப்பட்ட சென்னை ஓவிய இயக்க அருங்காட்சியகத்திலும் அத்தகைய காட்சிப் படங்களை நாடிச் செல்வோர் ஏமாற்றமே அடைவர்.

பணிக்கர் 1963 முதல் வரைந்த ஓவிய வரிசைக்குச் சொற்களும் குறிகளும் என்று பெயர். அதில் ஜாதகக் கட்டங்கள் போன்றவை, கணிதக் குறிகள் போன்றவை, ஏட்டுச்சுவடி எழுத்துப் போன்ற வரிகள் எல்லாம் நெருங்கி நிற்கின்றன. அப்படம் ஒன்றின் முன் நின்று, அதைச் சமன்பாடு என்று எண்ணிப் படிக்க முயன்றேன். படிக்க முடியவில்லை. அவை படிப்பதற்கான எழுத்துகள் அல்ல, பார்ப்பதற்கான எழுத்துகள். எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் அப்பாயி என் வேதியியல் ஏட்டைப் புரட்டும்போது இப்படித்தான் பார்க்கிறார் போலும் என்று தோன்றியது. "கோலம் மாதிரி இருக்கு" என்று அவர் ஒருமுறை சொல்லியிருக்கிறார். அன்று சிரித்தேன். இங்கே நின்றபோது சிரிப்பு வரவில்லை.

உலகில் கடலோர ஓவியர் ஊர்கள் வேறு பல உண்டு. டென்மார்க்கின் வடமுனையில் ஸ்காகன் என்னும் மீனவர் ஊர் இருக்கிறது. 1870-களிலிருந்து ஓவியர்கள் அங்கே கூடினர். அவ்வூர்க் கடற்கரையின் ஒளியும் மீனவர் வாழ்வும் அவர்களை ஈர்த்தன. பிரான்சின் தென்கோடியில் உள்ள கொலியூர் என்னும் துறைமுகத்தில் 1905-ஆம் ஆண்டுக் கோடையில் மத்தீசும் தெரேனும் தங்கி வரைந்தனர். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் செயின்ட் ஐவ்ஸ் என்னும் ஊர் உண்டு. 1877-இல் அங்கே இருப்புப் பாதை வந்தது. மீன்பிடித் தொழில் நலிந்தபோது, பாய்மரத் துணி தைக்கும் மாடிகள் ஓவியக் கூடங்களாயின. 1939-இல் அங்குக் குடியேறிய பார்பரா ஹெப்வொர்த் என்னும் சிற்பி உலகப் புகழ் பெற்றார்.

இவ்வூர்களுக்குப் பலர் காட்சியைத் தேடி வந்தனர். சோழமண்டலத்தாரோ காட்சியைத் தேடி வரவில்லை. காலூன்ற இடம் தேடி வந்தனர். செயின்ட் ஐவ்ஸில் சோழமண்டலத்துக்கு நெருங்கிய உறவு என்று சொல்லத்தக்கது, 1920-இல் பெர்னார்டு லீச் என்பவர் ஜப்பானியராகிய ஷோஜி ஹமாதாவுடன் அங்கே தொடங்கிய மண்பாண்டக் கூடமே. அன்றாடம் புழங்கும் கிண்ணமும் கூசாவும் தட்டும் செய்து விற்று அக்கூடம் நிலைத்தது.

இதை எண்ணியபோது மீண்டும் அப்பாயி நினைவே வந்தது. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து இங்கு வந்த குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. 1970-களின் பிற்பகுதியில், கைக்குழந்தையாக இருந்த என் தந்தையுடன் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார் அப்பாயி. பின்னர் மண்டபம் முகாம், அதன்பின் நீலகிரி. "கடல் எப்படி இருந்துச்சு அப்பாயி?" என்று சிறுமியாக இருந்தபோது கேட்பேன். "நான் எங்க கடலைப் பாத்தேன்? ஒங்கப்பனுக்குக் காய்ச்சல். புள்ள மொகத்தைத்தான் பாத்துக்கிட்டு வந்தேன்" என்பார். வேடிக்கை பார்க்க வந்தவருக்குக் கடல் ஒரு காட்சி. வாழ்வதற்காக வந்தவரின் கண் வேறிடத்தில் இருக்கும். தேயிலைச் சரிவைக் கண்டு சுற்றுலாப் பயணியர் பச்சைக் கம்பளம் என்கின்றனர். அம்மாவுக்கு அது இன்றைக்கு எத்தனை கிலோ என்ற கணக்கு.

செம்பும் உப்பும்

கிராமத்தில் மரங்களுக்கிடையே சிற்பங்கள் வெட்டவெளியில் நிற்கின்றன. கருங்கல் அசையாமல் நிற்கிறது. உலோகத்தின் நிலை வேறு. கடற்காற்றில் மிதந்து வரும் உப்பு, இரும்பின்மேல் படிந்து ஈரத்தை ஈர்க்கிறது. குளோரைடு அயனிகள் துருப்பிடித்தலை விரைவுபடுத்துகின்றன. செம்போ காற்றும் ஈரமும் பட்டு முதலில் பழுப்பாகி, நாளடைவில் பசுமை பூக்கிறது. கடலோரத்தில் அப்பசுமையில் காரச் செம்புக் குளோரைடு மிகுதி. இரும்பைத் துரு அரித்துக்கொண்டே போகும். செம்பின் பசுமையோ ஓர் ஆடைபோல் படிந்து உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கும். எது அரிக்கும், எது காக்கும் என்று அறியாதவர் வெட்டவெளியில் நெடுங்காலம் நிற்கும் உலோகச் சிற்பம் செய்ய இயலாது.

இங்கே எஸ். நந்தகோபால் என்னும் சிற்பியைக் குறிப்பிட வேண்டும். பணிக்கரின் மகனாகிய இவர் 1946-இல் பிறந்து 2017-இல் மறைந்தார். செம்பு, பித்தளைத் தகடுகளை வெட்டிப் பற்றவைத்து, நம் கோயில் உலோகக் கலையின் சாயல் தோன்றப் பெருஞ்சிற்பங்கள் படைத்தார். ஓவியக் கல்லூரிக்குச் செல்லுமுன் இவர் பெற்றது இயற்பியலில் பட்டம் என்று அறிந்தபோது, பி.எஸ்ஸி. படிக்கும் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அறிவியலும் கலையும் வெவ்வேறு வாசல்கள் என்று எண்ணியிருந்தேன். ஒரே வீட்டின் முன்வாசலும் கொல்லை வாசலும் என்று கண்டுகொண்டேன்.

மறுபக்கம்

நல்லவற்றை மட்டும் கூறி முடித்தால் இக்கட்டுரை நேர்மையுடையதாகாது. வாழ்வதற்கு வழி செய்துகொண்ட அவ்வூராலும் எல்லாத் துயரையும் போக்க இயலவில்லை. கே. இராமானுஜம் என்னும் ஓவியர் அங்கே வாழ்ந்தார். திக்கித் திக்கிப் பேசுபவர், மனநோயால் வருந்தியவர். பேச இயலாதவற்றையெல்லாம் மையும் தூரிகையும் கொண்டு மாயக் கோட்டைகளாகவும், பாம்புகளாகவும், தொப்பி அணிந்த உருவங்களாகவும் வரைந்தார். 1973-இல், தம் முப்பதுகளின் தொடக்கத்திலேயே, தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். இன்று அவருடைய ஓவியங்கள் போற்றப்படுகின்றன. மனநோய்க்கு மருத்துவம் உண்டு என்பதையும், கூட இருப்போர் செவி கொடுத்தால் பல உயிர்கள் நிலைக்கும் என்பதையும் விடுதியில் வாழும் நாம் மனத்திற்கொள்ள வேண்டும்.

பணிக்கர் 1977-இல் காலமானார். தொடக்கத்தில் வந்தவர்களுள் சிலர் வேறு ஊர்களுக்கும் அயல்நாடுகளுக்கும் சென்றனர், பலர் மறைந்தனர். சவுக்குத் தோப்பின் ஓரமாக இருந்த வழி இன்று இரைச்சல் மிகுந்த கிழக்குக் கடற்கரைச் சாலை. அக்காலத்தில் மாணவர்கள் துணி விற்ற காசில் வாங்கிய நிலத்தின் அருகே, இன்று ஓர் இளம் ஓவியர் ஒரு சென்ட் நிலம் வாங்க எண்ணிப் பார்க்கவும் இயலாது. ஆகவே அதே இடத்தில் அதே முறையில் இன்னொரு சோழமண்டலம் எழாது. அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ளத் தக்கது அதன் வழிமுறையே.

நம் மலையும் கலையும்

நீலகிரியை வரைய வந்தவர்கள் பலர். ஆங்கில ஓவியர் எட்வர்டு லியர் 1874-இல் குன்னூருக்கும் உதகைக்கும் வந்து வரைந்து சென்றார். ஆனால் வந்து போனவர்களின் கலை ஒருபுறமிருக்க, இம்மலையிலேயே வாழ்வோரின் கலை வேறு இருக்கிறது. அதை நாம் கண் திறந்து பார்த்தோமா?

தோடர் இனப் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலால் பூவேலை செய்கின்றனர். அத்துணிக்குப் பூத்குளி என்று பெயர். வரைபடம் ஏதுமின்றி, துணியின் இழைகளை எண்ணி எண்ணியே ஊசியைச் செலுத்துகின்றனர். இக்கலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோத்தர் பெண்கள் மண்பாண்டம் வனைவதில் வல்லவர்கள். கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பை அருகே எழுத்துப்பாறையில் பழங்காலப் பாறை ஓவியங்கள் உள்ளன. அப்பகுதிக் குறும்பர்கள் வேங்கை மரத்துப் பிசின் முதலியவற்றிலிருந்து எடுத்த நிறங்களால் தேனெடுப்பதையும் விழாக்களையும் வரைகின்றனர். வேங்கைப் பிசினில் உள்ள டானின்களைப் பற்றி நாம் படிக்கிறோம். அதே பிசினை நிறமாக்கத் தெரிந்தவர்கள் நம் கல்லூரியிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் வாழ்கிறார்கள். நாம் ஒருநாளும் சென்று கேட்டதில்லை.

நம் வகுப்பில் படிப்பவர்களிலேயே கைத்திறன் உடையோர் எத்தனையோ பேர். நன்றாகத் தைப்பவர் உண்டு. கூடை முடைபவர் உண்டு. படம் வரைபவர் உண்டு. படிப்பு வந்தவுடன் அவற்றை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறோம். பட்டதாரி கையில் மண் படக்கூடாது என்று யாரும் சட்டம் இயற்றவில்லை. நாமே இயற்றிக்கொண்டோம்.

முடிவுரை

படம் போட்டால் சோறு கிடைக்குமா என்ற கேள்வி இழிவானதன்று. அது ஏழை வீட்டுக் கேள்வி; அறிவுள்ள கேள்வியும் கூட. சோழமண்டலத்தார் அக்கேள்வியைக் கண்டு சினக்கவில்லை. முதலில் அதற்கு விடை தேடிக்கொண்டு, பிறகே தூரிகையைத் தொட்டனர். ஆகவே நான் என் வேதியியலை விடப் போவதில்லை. பட்டம் பெறுவேன், வேலைக்கும் செல்வேன். அது என் சுவர். வரைவதையும் இனி விடப் போவதில்லை.

பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாயமிடுதலை வெறும் சோதனைக்குழாய் வினையாக நிறுத்தாமல், பாதுகாப்பான சாயங்களைக் கொண்டு ஒரு முழத் துணியிலேனும் செய்து பார்க்க ஆண்டுக்கு ஒரு நாள் ஒதுக்கித் தர வேண்டும். மாணவத் தோழர்களுக்கும் ஒன்று சொல்வேன். அடுத்த முறை சென்னை செல்லும்போது ஈஞ்சம்பாக்கத்தில் இறங்குங்கள். கடலைப் பார்க்க மட்டும் போகாதீர்கள்.

சென்ற மாதம் மூன்றாம் முறையாக ஒரு துணியில் முயன்றேன். இம்முறை குளிர்ந்த நீரில் ஏறும் சாயம், தேன்மெழுகும் கலந்திருந்தேன். மெழுகு நின்றது, வெடிப்புக் கோடுகளும் வந்தன. தேயிலைக் கிளை ஒன்றை எழுதியிருந்தேன். அம்மா வேலை முடிந்து வந்து, கூடையை இறக்கி வைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தார். "நாலு எலையாப் போட்டுருக்கியே, இது முத்துனது. ரெண்டு எலை ஒரு கொழுந்துதான் எடுக்கணும். இதைக் கொண்டு போனா கணக்குப்பிள்ளை கழிச்சிருவாரு" என்றார். என் வாழ்நாளில் நான் பெற்ற முதல் கலை விமரிசனம் அது. பிழை என்னுடையதுதான்; ஒப்புக்கொண்டேன்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. துணியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விரித்துப் பார்த்தார். ஓரத்தைத் தேய்த்து, சாயம் விரலில் ஒட்டுகிறதா என்று பார்த்தார். ஒட்டவில்லை. மடித்துக் கையில் கொடுத்தார்.

"இது என்ன வெலைக்குப் போகும், பாப்பா?" என்று கேட்டார்.